மேடைப் பாடகரும் ரசிகர் நினைவும்: திருவனந்தபுரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

ராக் இசை 1950களில் அமெரிக்காவில், கறுப்பின மக்களின் புளூஸ் இசையையும் நாட்டுப்புறப் பாடல் வகைகளையும் அடியாகக் கொண்டு எழுந்து, மின்கிதார், டிரம்ஸ், உரத்த ஒலிபெருக்கம் ஆகியவற்றின் துணையுடன் உலகெங்கும் பரவிய மேடைக் கலையாகும். இக்கலையில் பாடலின் மெட்டுக்கும் சொல்லுக்கும் உள்ள முக்கியத்துவம் பாடகரின் உடலசைவுக்கும், கூட்டத்தோடு அவர் கொள்ளும் உறவுக்கும், அன்றைய இரவில் மட்டுமே நிகழும் திடீர்த் திருப்பங்களுக்கும் உண்டு. எனவே ராக் பாடகர் ஒருவர் மறையும்போது ரசிகர்கள் இழப்பது எது, அவர்கள் நினைவில் வைத்துக்கொள்வது எது, அந்த நினைவு எவ்வளவு காலம் எந்த வடிவில் நிலைக்கிறது ஆகிய கேள்விகள் பிற இசைக் கலைஞர்களைப் பற்றியவற்றிலிருந்து ஓரளவு வேறுபடுகின்றன. இக்கேள்விகளைத் திருவனந்தபுரத்தையும் அதன் சுற்றுப்புறத்தையும் சார்ந்த சில மேடைக் கலைஞர்களின் வழியாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். தூய ராக் இசையின் வரலாறு இந்நகரில் குறுகியதே. எனினும் ராக் மேடையின் இயல்புகளான உரத்த ஒலி, மின்கருவி, கூட்டத்தின் பங்கேற்பு ஆகியவற்றைக் கோயில் திடல்களிலும் கல்லூரி அரங்குகளிலும் உள்வாங்கிய கலைஞர்கள் இங்கு பலர் இருந்திருக்கிறார்கள்.

கற்பிதமும் மனோதர்மமும்

இவ்வாய்வுக்குத் தேவையான கருத்துகளுள் ஒன்றைக் கர்நாடக இசை மரபே தருகிறது. முன்பே இயற்றப்பட்டு, குருவிடமிருந்து சீடருக்குப் பாடமாக வரும் இசை கற்பித சங்கீதம் எனப்படும். கிருதி, வர்ணம், பதம் முதலியன இதில் அடங்கும். கலைஞர் மேடையிலேயே தம் கற்பனையால் விரித்தெடுக்கும் ஆலாபனை, நிரவல், கற்பனைஸ்வரம் போன்றவை மனோதர்ம சங்கீதம் எனப்படும். முன்னதை இன்னொருவர் கற்றுப் பாட முடியும்; பின்னதன் இலக்கணத்தையும் பாணியையும் சீடர் கற்கலாமேயொழிய, ஒரு குறிப்பிட்ட இரவில் நிகழ்ந்ததை அப்படியே திரும்ப நிகழ்த்த இயலாது.

இரண்டாவது கருத்து பிரெஞ்சுச் சமூகவியலாளர் மொரிஸ் ஆல்ப்வாக்ஸ் 1925இல் வெளியிட்ட நூலில் வகுத்த கூட்டு நினைவு என்பதாகும். மனிதர் தனித்து நினைவுகூர்வதாகத் தோன்றினாலும் குடும்பம், சமயம், தொழில் போன்ற குழுக்கள் தரும் சட்டகத்துக்குள்தான் நினைவு உருக்கொள்கிறது என்றும், அந்தக் குழு கலையும்போது நினைவும் தேய்கிறது என்றும் அவர் வாதிட்டார். மூன்றாவது கருத்து உளவியலைச் சார்ந்தது. முதியவர்களிடம் வாழ்க்கை நிகழ்வுகளைக் கேட்டால், ஏறத்தாழ பத்து வயது முதல் முப்பது வயது வரையிலான காலத்தைப் பற்றியே அவர்கள் மிகுதியாகச் சொல்கிறார்கள் என்பது பல ஆய்வுகளில் கண்டறியப்பட்டுள்ளது. நினைவு மேடு என்று குறிப்பிடத்தக்க இந்தப் போக்கு இசை நினைவிலும் காணப்படுகிறது. இளமையில் கேட்ட பாடகரைப் பற்றி ரசிகர் பேசும்போது அவர் தம் இளமையைப் பற்றியும் பேசுகிறார் என்பது இதனால் பெறப்படும்.

அரண்மனை வகுத்த மரபு

இசைக் கலைஞரை நினைவுகூரும் முறைமை திருவனந்தபுரத்துக்குப் புதிதன்று. திருவிதாங்கூர் மன்னரும் வாக்கேயக்காரருமான சுவாதித் திருநாள் (1813-1846) மறைந்து ஒன்றே முக்கால் நூற்றாண்டு கடந்த பின்னும், பத்மநாபசுவாமி கோயிலை அடுத்துள்ள நவராத்திரி மண்டபத்தில் ஒன்பது நாளும் அந்தந்த நாளுக்கென்று வரையறுக்கப்பட்ட அவருடைய கிருதிகள் முதன்மையாகப் பாடப்படுகின்றன. நெடுங்காலம் ஆண் கலைஞர்களுக்கே உரியதாக இருந்த அந்த மேடையில் 2006இல் பாறசாலை பொன்னம்மாள் பாடினார். பெண் ஒருவர் அங்கே கச்சேரி செய்தது அதுவே முதல் முறை. குதிரைமாளிகையில் ஆண்டுதோறும் சனவரியில் நடைபெறும் இசை விழாவும், 1939இல் தோன்றி இன்று சுவாதித் திருநாள் பெயரைத் தாங்கி நிற்கும் இசைக் கல்லூரியும் இந்த நினைவின் மற்ற இரு தூண்களாகும்.

இம்மரபு உறுதியாக நிலைத்தமைக்குக் காரணம் தெளிவு. நினைவுகூரப்படுபவர் இயற்றியவர், நினைவுகூர்பவர்கள் பாடுபவர்கள், இருவரையும் இணைப்பது கற்பிதமாகிய கிருதி. அரண்மனை, கோயில், கல்லூரி ஆகிய மூன்று நிறுவனங்களும் அதற்குரிய காலத்தையும் இடத்தையும் உறுதிசெய்கின்றன. சுவாதித் திருநாள் எப்படிப் பாடினார் என்பதைச் செவிவழி அறிந்தவர் இன்று எவரும் இல்லை. அவரை நினைவுகூர அது தேவைப்படவும் இல்லை. இந்த முறைமையை அப்படியே மேடைப் பாடகருக்குப் பொருத்த முடியாது என்பதிலிருந்தே இக்கட்டுரையின் சிக்கல் தொடங்குகிறது.

கானமேளையும் இடவா பஷீரும்

கானமேளை என்பது தமிழகத்தின் மெல்லிசைக் கச்சேரிக்கு நிகரான கேரள மேடை வடிவம். கோயில் திருவிழாவின்போது விழாக்குழுவினர் ஒரு குழுவை அமர்த்த, பக்திப் பாடலில் தொடங்கிப் பழைய மலையாளப் பாடல், இந்தி, தமிழ் என விரிந்து, இறுதியில் கூட்டம் எழுந்து ஆடும் துள்ளல் பாடல்களில் முடிவது அதன் வழக்கமான போக்கு. இந்த மேடையின் தலைமக்களுள் ஒருவர் திருவனந்தபுரம் மாவட்டம் வர்க்கலைக்கு அருகிலுள்ள இடவாவைச் சேர்ந்த பஷீர். சுவாதித் திருநாள் இசைக் கல்லூரியில் கானபூஷணம் என்னும் இசைப் படிப்பைப் பயின்ற இவர், 'சங்கீதாலயா' என்னும் குழுவை அமைத்து, யேசுதாஸ், முகமது ரஃபி ஆகியோரின் பாடல்களைத் திடல்தோறும் கொண்டுசென்றார். அக்காலத்தில் புதுமையாக இருந்த மின்னணு இசைக்கருவிகளையும் ஒலியமைப்பையும் கானமேளைக்குக் கொண்டுவந்ததில் இவருக்குப் பெரும் பங்கு உண்டு என்பதை இத்துறையினர் ஒப்புக்கொள்கின்றனர். 1978இல் திரைப்படத்திலும் பாடினார். ஆயினும் அவருடைய புகழ் மேடையினால் விளைந்ததேயன்றித் திரையினால் விளைந்ததன்று.

2022 மே 28 அன்று இரவு, ஆலப்புழையை அடுத்த பாதிரப்பள்ளியில் 'புளூ டயமண்ட்ஸ்' இசைக்குழுவின் பொன்விழா மேடையில், யேசுதாஸ் பாடிய இந்திப் பாடல் ஒன்றைப் பாடிக்கொண்டிருந்தபோது பஷீர் சரிந்து விழுந்து உயிரிழந்தார். அவருக்கு வயது 78.

பஷீரின் நிலை நினைவு பற்றிய ஆய்வுக்குக் கடினமான ஒரு கணக்கை முன்வைக்கிறது. அவர் மேடையில் பாடியவற்றில் மிகப் பெரும்பாலானவை பிறர் பாடிய பாடல்கள். அவற்றின் இசைத்தட்டுகளில் ஒலிப்பது வேறு குரல். அவருடைய ஆற்றல் எங்கே இருந்தது என்றால், மூலப் பாடகரின் குரலை எதிர்பார்த்து வந்த ஆயிரக்கணக்கானோரைத் திறந்தவெளியில் இரவு முழுவதும் அமர்த்தி வைத்ததிலும், கூட்டத்தின் மனநிலை அறிந்து அடுத்த பாடலைத் தேர்ந்ததிலும் இருந்தது. இந்த ஆற்றல் எந்தப் பதிவிலும் முழுமையாகச் சிக்குவதில்லை. ஆகவே அவரைப் பற்றிய நினைவு, அவரைக் கேட்ட தலைமுறையின் உரையாடலையே பெரிதும் நம்பியுள்ளது. ஆல்ப்வாக்ஸ் கூறிய குழுச் சட்டகம் இங்கே கோயில் திருவிழாதான். இரவு 10 மணிக்குப் பின் திறந்தவெளியில் ஒலிபெருக்கியைக் கட்டுப்படுத்தும் 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள், தொலைக்காட்சியின் பெருக்கம், திருவிழாக்களின் மாறிய சுவை ஆகியவை அந்தச் சட்டகத்தையே சுருக்கிவிட்டதால், பாடகருக்கு முன்னதாகவே அவருடைய நினைவுக்குரிய களம் குறுகத் தொடங்கியது எனலாம்.

இதே வட்டாரத்தைச் சார்ந்த மற்றொரு பாடகரை ஒப்பிடுவது பயனுள்ளது. கமுகற புருஷோத்தமன் (1930-1995) மலையாளத் திரையிசையின் தொடக்ககாலப் பின்னணிப் பாடகர்களுள் ஒருவர். அவர் பெயரில் அமைந்த அறக்கட்டளை இசைத்துறையினருக்கு விருது வழங்கி வருகிறது. திரைப்பதிவும் அறக்கட்டளையும் உள்ளவருக்கு நினைவு நாள்காட்டியில் இடம்பெறுகிறது. இவை இல்லாத திடல் பாடகருக்கு நினைவு வாய்மொழியிலேயே நின்றுவிடுகிறது.

பாலபாஸ்கர்: கருவியே குரலான மேடை

வயலின் கலைஞர் பாலபாஸ்கர் (1978-2018) பாடகர் அல்லர். ஆயினும் திருவனந்தபுரத்தில் ராக் பாடகருக்குரிய ரசிகர் பற்றைப் பெற்றவர் என்ற வகையில் இக்கட்டுரையின் மையத்தில் அவர் நிற்கிறார். திருவிதாங்கூரில் வயலின் வேரூன்றிய வரலாற்றில் தமிழர் ஒருவருக்குத் தலையாய இடம் உண்டு. தஞ்சை நால்வர் எனப்படும் சகோதரர்களுள் இளையவரான வடிவேலு சுவாதித் திருநாளின் அவையில் இருந்தபோது, அவருடைய திறமையைப் பாராட்டி மன்னர் 1834இல் தந்தத்தாலான வயலினைப் பரிசளித்தார். அதே நகரில், தாய்மாமனும் வயலின் வித்துவானுமான பி. சசிகுமாரிடம் மூன்று வயதிலிருந்தே பாடம் கேட்டு வளர்ந்த பாலபாஸ்கர், பதின்வயதிலேயே திரைப்பட இசையமைப்புக்குள் நுழைந்து 'மாங்கல்யப் பல்லக்கு' படத்துக்கு இசையமைத்தார். பல்கலைக்கழகக் கல்லூரியில் படிக்கும்போது 'கன்ஃப்யூஷன்' என்னும் இசைக்குழுவைத் தொடங்கினார். 2008இல் சங்கீத நாடக அகாதமியின் உஸ்தாத் பிஸ்மில்லா கான் இளைஞர் விருதைப் பெற்றார்.

கர்நாடகக் கச்சேரியில் வயலின் கலைஞர் தரையில் அமர்ந்து, கருவியின் தலைப்பகுதியை வலக் கணுக்காலில் ஊன்றி, மறுமுனையை மார்பில் பதித்து வாசிப்பார். இடக்கை தடையின்றி வழுக்கிச் சென்று கமகங்களைத் தர இந்த அமர்வே உதவுகிறது. பாலபாஸ்கர் செவ்வியல் கச்சேரிகளில் இம்மரபைப் பின்பற்றினார். கலப்பிசை மேடையில் எழுந்து நின்றார், நடந்தார், சக கலைஞர்களின் முகம் பார்த்து வாசித்தார். நரம்பின் அதிர்வை மின்குறிகையாக மாற்றி ஒலிபெருக்கிக்கு அனுப்பும் மின்வயலின், கிதாருக்கும் டிரம்ஸுக்கும் ஈடாக அவருடைய கருவியை ஒலிக்கச் செய்தது. அனைவரும் அறிந்த திரைப்பாடலின் மெட்டைத் தொடங்கி, சொல்லைக் கூட்டத்தின் வாயில் விட்டுவிட்டு, அதன் மேல் மனோதர்மமாக விரித்துச் செல்வது அவருடைய முறை. பாடகரே இல்லாத மேடையில் அரங்கமே பாடகராகியது. அந்த ரசிகர்களின் நினைவு கூர்மையாக இருப்பதற்கு, அவர்கள் கேட்டவர்களாக மட்டும் இல்லாமல் உடன் பாடியவர்களாகவும் இருந்தது ஒரு காரணமாகும்.

2018 செப்டம்பர் 25 அதிகாலை, திருச்சூரிலிருந்து திரும்பும் வழியில், திருவனந்தபுரத்தை அடுத்த பள்ளிப்புறத்தில் அவர் குடும்பத்தோடு வந்த கார் மரத்தில் மோதியது. இரண்டு வயது மகள் இறந்தார். சிகிச்சையில் இருந்த பாலபாஸ்கர் அக்டோபர் 2 அன்று காலமானார். அவர் படித்த பல்கலைக்கழகக் கல்லூரியிலும் கலாபவன் திரையரங்கிலும் உடல் அஞ்சலிக்கு வைக்கப்பட்டு, தைக்காடு சாந்திகவாடத்தில் அரசு மரியாதையோடு எரியூட்டப்பட்டது. அஞ்சலிக்குக் கல்லூரி தேர்ந்தெடுக்கப்பட்டதில் பொருள் உண்டு. சுவாதித் திருநாளின் நினைவுக்கு மண்டபம் எதுவோ, பாலபாஸ்கரின் நினைவுக்குக் கல்லூரி வளாகம் அது.

கே.கே.: பதிவும் மேடையும்

ஒப்பீட்டுக்காக இந்நகருக்கு வெளியே ஒருவரை நோக்கலாம். பஷீர் மறைந்த மூன்றாம் நாள், 2022 மே 31 அன்று, கொல்கத்தாவின் நஸ்ருல் மஞ்சா அரங்கில் கல்லூரி விழா ஒன்றில் பாடி முடித்த சிறிது நேரத்தில் கே.கே. எனப்படும் கிருஷ்ணகுமார் குன்னத் மரணமடைந்தார். டெல்லியில் மலையாளிக் குடும்பத்தில் 1968இல் பிறந்த இவர் பெரும்பாலும் இந்தியில் பாடியவர். எனினும் 'காதல் தேசம்' (1996), 'மின்சார கனவு' (1997), 'காக்க காக்க' (2003), 'கில்லி', '7ஜி ரெயின்போ காலனி' (இரண்டும் 2004) ஆகிய படங்களின் வழியாகத் தமிழ்ச் செவிகளுக்கு நன்கு பழகியவர். முறையான இசைப்பயிற்சி பெறாத அவருடைய குரல், உச்சத்தில் கிழிபடாமல் விரியும் ராக் குரலின் வலுவைத் திரையிசைக்குள் கொண்டுவந்தது.

1999இல் வெளிவந்த அவருடைய 'பல்' இசைத்தொகுப்பின் பாடல்கள் இந்தியா முழுவதும் பள்ளி, கல்லூரிப் பிரிவுபசார விழாக்களின் வழக்கமான பாடல்களாயின. ஒரு தலைமுறையினர் தம் நட்பின் முடிவையும் பருவத்தின் மாற்றத்தையும் அக்குரலோடு பிணைத்துக்கொண்டதால், அவருடைய மரணத்தில் அவர்கள் தம் வாழ்வின் ஒரு பகுதி முடிந்ததாக உணர்ந்தார்கள். முன்னர்க் கூறிய நினைவு மேடு என்னும் கருத்துக்கு இதைவிடத் தெளிவான சான்று அரிது. அதே வேளையில் நேர்காணல்களையும் விளம்பரத்தையும் பெரிதும் தவிர்த்து வாழ்ந்த அவருடைய முகத்தைப் பலர் அறிந்ததே அந்த மரணச் செய்தியின்போதுதான். பஷீரின் முகம் திடலில் அறியப்பட்டு, குரல் பதிவில் பெரிதும் எஞ்சாமல் போயிற்று; கே.கே.யின் குரல் எங்கும் ஒலித்து, முகம் பின்னால் நின்றது. பாலபாஸ்கர் இவ்விரு நிலைகளுக்கும் இடைப்பட்டவர்.

மரணச் செய்தி மேடையை மறைத்தல்

எதிர்பாராத மரணம் ரசிகர் நினைவின் திசையையே மாற்றிவிடுகிறது. பாலபாஸ்கரின் விபத்து பற்றிக் குடும்பத்தார் ஐயங்களை எழுப்பியதால், மாநிலக் காவல்துறையின் குற்றப்பிரிவும் பின்னர் மத்தியப் புலனாய்வுத் துறையும் விசாரித்தன. இது சாலை விபத்தே என்ற முடிவுக்கு மத்தியப் புலனாய்வுத் துறை வந்த பின்னும், 2023இல் கேரள உயர்நீதிமன்றம் மேல்விசாரணைக்கு ஆணையிட்டது. உண்மையை அறிய முற்படுவது குடும்பத்தின் உரிமை. ஆனால் ஆண்டுகள் பல கடந்த பின்னும் பாலபாஸ்கர் என்றதும் ஊடகங்களில் முதலில் வருவது வழக்கின் செய்தியாக இருப்பதால், அவரை மேடையில் காணாத இளைய தலைமுறை அவரை விபத்தின் வழியாகவே அறிமுகம் கொள்கிறது. கே.கே. விஷயத்திலும் அரங்கின் கொள்ளளவை மீறிய கூட்டம், வெக்கை, ஏற்பாட்டுக் குறைகள் ஆகியவை பற்றிய விவாதம், அன்று அவர் பாடிய நிகழ்ச்சியின் தரத்தைப் பற்றிப் பேச இடமே தரவில்லை.

இப்போக்கு உலகளாவியது. 'தி டோர்ஸ்' குழுவின் பாடகர் ஜிம் மாரிசன் 1971 சூலை 3 அன்று பாரிசில் இறந்தபோது பிரேதப் பரிசோதனை நடைபெறாததால் அவருடைய மரணம் பற்றிய ஊகங்கள் அரை நூற்றாண்டைக் கடந்தும் ஓயவில்லை. பெர் லாஷேஸ் கல்லறைத் தோட்டத்தில் அவர் கல்லறை மேலிருந்த மார்பளவுச் சிலை 1988இல் திருடப்பட்டு 2025இல்தான் மீட்கப்பட்டது. பாடகரின் மேடை நினைவிலிருந்து நழுவ, கல்லறை அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

உலகம் கண்ட வழிகள்

மாற்று வழிகளும் உண்டு. 1977 ஆகஸ்ட் 16 அன்று மறைந்த எல்விஸ் பிரஸ்லியின் மெம்பிஸ் இல்லமான கிரேஸ்லாந்து 1982இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. அங்கே ஆண்டுதோறும் நினைவு நாளுக்கு முந்தைய இரவு மெழுகுவத்தி ஏந்திய ஊர்வலம் நடைபெறுகிறது. எல்விஸைப் போலவே உடுத்திப் பாடுவோருக்குப் போட்டியும் வைக்கப்படுகிறது. யாத்திரை, போலச்செய்தல் என்னும் இவ்விரு வடிவங்களில் பின்னது கானமேளைப் பாடகருக்கு அந்நியமானதன்று. யேசுதாஸ் பாடலை யேசுதாஸாகவே பாடிக் காட்டும் கலையைக் கேரளம் நெடுங்காலமாக அறியும்.

'குயீன்' குழுவின் பாடகர் ஃபிரெடி மெர்குரியின் நிகழ்வு வேறொரு வழியைக் காட்டுகிறது. சான்சிபாரில் பார்சிக் குடும்பத்தில் 1946இல் ஃபரூக் புல்சாராவாகப் பிறந்து, மராட்டிய மாநிலம் பஞ்ச்கனியின் புனித பீட்டர் பள்ளியில் 'ஹெக்டிக்ஸ்' என்னும் மாணவர் குழுவில் வாசித்த இவர், 1991 நவம்பர் 24 அன்று எய்ட்ஸ் நோயின் விளைவால் மறைந்தார். 1992 ஏப்ரல் 20 அன்று லண்டன் வெம்பிளி அரங்கில் அவருடைய குயீன் குழுவினரே இசைக்க, டேவிட் போவி, ஜார்ஜ் மைக்கேல் உள்ளிட்ட பல பாடகர்கள் அவருடைய பாடல்களைப் பாடினார்கள். எவரும் அவரைப் போலச் செய்ய முயலாமல் தம் குரலிலேயே பாடியதால், பாடலில் அவருக்கு உரியது எது, பொதுவானது எது என்பது அரங்கிலிருந்தோருக்கு விளங்கியது. திரட்டப்பட்ட நிதி எய்ட்ஸ் ஒழிப்புப் பணிக்குச் சென்றது.

மறைவு வரை காத்திருக்க வேண்டியதில்லை என்பதற்கு இந்தியாவிலேயே சான்று உண்டு. ஷில்லாங்கில் லூ மஜாவ் என்னும் பாடகர், பாப் டிலனின் பிறந்த நாளான மே 24 அன்று 1972 முதல் ஆண்டுதோறும் இசை நிகழ்ச்சி நடத்தி வருகிறார். நிறுவனமோ அரண்மனையோ இல்லாமல், பாடுபவர் ஒருவரின் பிடிவாதத்தால் மட்டுமே ஒரு நினைவு மரபு அரை நூற்றாண்டு நிலைத்திருப்பது கவனத்துக்குரியது.

ஆய்வின் முடிபு

மேற்கண்டவற்றைத் தொகுத்து நோக்கினால், மேடைக் கலைஞரின் நினைவைத் தாங்குபவை மூன்று என்பது தெரிகிறது: பிறர் பாடத்தக்க படைப்பு, திரும்பக் கேட்கத்தக்க பதிவு, பிறர் உயிர்ப்போடு நிகழ்த்தும் மேடை. சுவாதித் திருநாளுக்கு முதலாவதும் மூன்றாவதும் உள்ளன, கே.கே.க்கு இரண்டாவது நிறைவாக உள்ளது. பஷீருக்கு மூன்றுமே மெலிந்துள்ளன. பாலபாஸ்கருக்கு இரண்டாவது ஓரளவு இருந்தும் மூன்றாவது இன்னும் உறுதிப்படவில்லை. பதிவு மட்டும் எஞ்சும்போது கலைஞர் ஒரே நிகழ்ச்சியாக உறைந்துபோகிறார். ஒவ்வோர் இரவும் மாறி வாசித்தவரை ஒரே வாசிப்பில் கட்டிவைப்பது அவருடைய கலைக்கு நேர்மாறானது. எனவே மனோதர்மக் கலைஞரை நினைவுகூரத் தகுந்த வழி, அவர் வாசித்ததை அப்படியே திரும்ப வாசிப்பதைக் காட்டிலும், அவர் எடுத்துக்கொண்ட அதே மெட்டைத் தொட்டுப் புதிதாக விரிப்பதே ஆகும்.

திருவனந்தபுரத்தில் இதற்குக் களமும் ஆளும் குறைவில்லை. 2003இல் இந்நகரில் தோன்றி மலையாள மொழியிலேயே மாற்று ராக் இசையைப் படைத்த 'அவியல்' குழு, மேற்கத்திய மேடை வடிவம் உள்ளூர் மொழியில் வேர்பிடிக்கும் என்பதை மெய்ப்பித்திருக்கிறது; கனகக்குன்றின் நிசாகந்தி திறந்தவெளி அரங்கு பெருங்கூட்டத்துக்கு இடம் தருகிறது. இல்லாதது ஆவணம். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 38ஆம் பிரிவு நிகழ்த்துநரின் உரிமையை, அதாவது தம் நேரடி நிகழ்ச்சியின் மீது கலைஞருக்குள்ள உரிமையை, 50 ஆண்டுகளுக்கு ஏற்றுக்கொள்கிறது. ஆனால் சட்டம் காக்கும் அந்த நிகழ்ச்சி எங்கும் சேமிக்கப்படாவிட்டால் உரிமை ஏட்டளவிலேயே நிற்கும். கானமேளைக் குழுக்களின் பாடல் பட்டியல்கள், திருவிழா அறிக்கைகள், ஒலிநாடாக்கள், பக்கவாத்தியக்காரர்களின் வாய்மொழி வரலாறு ஆகியவற்றை இசைக் கல்லூரியும் பல்கலைக்கழகமும் திரட்டத் தொடங்கினால், பஷீரைத் திடலில் அமர்ந்து கேட்டவர்கள் இருக்கும்போதே அப்பணி நிறைவேறும். வாக்கேயக்காரருக்குக் கல்லூரியும் விழாவும் எழுப்பிய நகரம், மேடையையே தன் படைப்பாகக் கொண்ட கலைஞருக்கும் அதே மதிப்பை அளிக்குமா என்பது, ரசிகர்களின் பற்றைக் காட்டிலும் நிறுவனங்களின் முடிவையே பெரிதும் சார்ந்திருக்கிறது.